இறக்கச் சொன்னது யார்

தொலைபேசியை எடுத்தால் கௌசல்யா தன் பெயரைச் சொல்லமாட்டாள். "சென்டர்லேருந்து" என்பாள், அவ்வளவுதான். "சென்டர்ல யாரு?" என்று எதிர்முனையில் கேட்டால், "யூசர் டெஸ்க்" என்பாள். அதற்கு மேலும் துருவினால், "சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்று பேச்சைத் திருப்பிவிடுவாள். வீட்டிலும் இதே கதைதான். ஆரியசாலையில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "ஆரு உள்ள?" என்று கேட்டால், "இங்கதான் இருக்கேன்" என்று குரல் மட்டும் வரும். சாலைக் கடைத்தெருவில் கீல், தாழ்ப்பாள், ஆணி விற்கிற அவள் கணவன் தாணு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"உம் பேரு என்ன, இரவல் வாங்கின பேரா? வெளிய எடுத்தாத் தேஞ்சு போயிருமோ?"

"எடுக்க வேண்டிய எடத்துல எடுப்பேன்" என்பாள் அவள். அப்படி ஓர் இடம் வரும் என்று அவளும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை.

ப்ரீடிகிரி முடித்து, டைப்பிங் தேறி, சில காலம் வீட்டில் சும்மா இருந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவர், நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தாணுவிடம் சொல்லிப் போனார். அந்தச் சின்னச் செய்தியில்தான் வேலை கிடைத்தது. வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அங்கேயே பஸ் ஏறுவாள். ஜன்னலோரம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வழி முழுக்க ஆட்களைப் பார்த்துக்கொண்டே போவாள். பேசுவதில்தான் கூச்சம். பார்ப்பதில் அவளுக்குக் கூச்சம் கிடையாது.

சென்டரில் ஒரு பெரிய கூடம் முழுக்க, பீரோ பீரோவாக ஒரே ஒரு கம்ப்யூட்டர் நின்றது. அது சூடாகிவிடக் கூடாதென்று உள்ளே எப்போதும் குளிர் வைத்திருப்பார்கள். அந்த மிஷினைப் பார்த்துக்கொண்டவர் குற்றாலலிங்கம். தென்காசிப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளரோடு திரிவார். மிஷின் அவருடையது என்றாலும் அதில் ஓடிய வேலையில் பெரும்பங்கு ஸ்ரீகண்டனுடையது. ஸ்ரீகண்டன் கடற்கரைத் திட்டத்தின் தலைவர். எந்த ஊரில் எந்த மழைக்காலத்தில் அலை எவ்வளவு கரையைத் தின்னும் என்று கணக்குப் போடுகிற திட்டம் அது. ஒரு கணக்கை ஏற்றிவிட்டால் மிஷின் நாள்கணக்கில் அதையே மென்றுகொண்டிருக்கும்.

இவர்களைத் தவிர விருந்தாளிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. அது அவர்களுக்கு எல்லோரும் வைத்த பெயர். கொல்லத்திலிருந்து, கொச்சியிலிருந்து, மார்த்தாண்டத்திலிருந்து கல்லூரிக்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், போன் லைன் வழியாகத் தங்கள் சிறிய கணக்குகளை இந்தப் பெரிய மிஷினில் ஓட்டிக்கொள்வார்கள். அவர்களை உள்ளே விடலாம் என்று அனுமதி கொடுப்பது ஸ்ரீகண்டன். உள்ளே போனவர்களுக்கு டிஸ்கில் இடமும் பாஸ்வேர்டும் கொடுப்பது குற்றாலலிங்கம். அவர்களுக்கு ஒரு குறை என்றால் போன் எடுப்பது கௌசல்யா.

குறை வராத நாளில்லை. கணக்கு பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிடுவார்கள். புரோகிராமில் கோளாறா, மிஷினில் கோளாறா என்று கௌசல்யாவுக்குத் தெரியாது. அவள் மாடி ஏறி ஸ்ரீகண்டனிடம் கேட்பாள். "மிஷின் பக்கமாயிருக்கும், லிங்கத்தினோட சோதிக்கூ" என்பார் அவர், லிங்கத்திடம் கேள் என்று மலையாளத்தில், தன்மையாக. கீழே வந்து குற்றாலலிங்கத்திடம் கேட்பாள். "மிஷின் நல்லாத்தான் இருக்கு தாயி. புரோகிராம் அவுஹளோடதுல்லா" என்பார் அவர், அதே தன்மையோடு. இப்படி ஏறி இறங்கி, எப்படியோ சாயங்காலத்துக்குள் யாராவது ஒருவர் சரி செய்துவிடுவார்.

அந்த இரண்டு பேருக்கும் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. தினமும் பதினொரு மணிக்கு கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாயா குடிப்பவர்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஒருவர் வேலையைப் பற்றி மற்றவர் வாயே திறக்கமாட்டார். "அது செய்தாச்சா?" என்று கேட்பது, பக்கத்து இலையில் கைவைப்பது மாதிரி அவர்களுக்கு. கேட்டால் மற்றவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும் அல்லவா. அந்த மேஜைக்கு இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்து தன் தூக்குச் சட்டியைத் திறக்கிற கௌசல்யா, வருடக்கணக்காக இதைப் பார்த்திருக்கிறாள். எவ்வளவு மரியாதையான மனுஷர்கள் என்று வீட்டில் வந்து சொல்லியும் இருக்கிறாள்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில், பழைய மிஷினை எடுத்துவிட்டுப் புதிது வைப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். கௌசல்யா ஓர் ஓரத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். திட்டத்தின் கணக்கையெல்லாம் டேப்பில் நகல் எடுத்துக்கொள்வோம் என்றார் ஸ்ரீகண்டன். சென்டரின் கணக்கையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொள்வோம் என்றார் குற்றாலலிங்கம். எல்லோரும் தலையாட்டினார்கள். விருந்தாளிகளின் கணக்கு இதில் எந்தப் பக்கம் என்று கௌசல்யாவுக்குத் தோன்றியது. அத்தனை பேர் நடுவில் எழுந்து கேட்க நாக்கு வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் ஸ்ரீகண்டனிடம் கேட்டாள்.

"சார், விருந்தாளிகளோடது?"

"அது லிங்கம் நோக்கிக்கோளும். இடம் கொடுத்தது அவரல்லே?"

மறுநாள் குற்றாலலிங்கத்திடமும் கேட்டாள்.

"அவுஹ ஸ்ரீகண்டன் சார் ஆளுஹல்லா. அவரு எடுக்காம விடுவாரா?" என்றார் அவர்.

இரண்டு பதிலும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், தினமும் ஒன்றாகச் சாயா குடிக்கிறவர்கள், இதை அவர்களுக்குள் பேசிக்கொள்ளமாட்டார்களா என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொள்வது அவளுக்கும் சௌகரியமாக இருந்தது. விருந்தாளிகள் விஷயம் கேள்விப்பட்டு, அவர்களாகவே வந்து எடுத்துப்போனார்கள். அதனால் ஒரு குறையும் வெளியே தெரியவில்லை.

ரெம்யா மட்டும் வரவில்லை.

ரெம்யா மார்த்தாண்டத்துப் பெண். குளச்சல் பக்கத்துக் கடற்கரையைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். விருந்தாளிகளில் கௌசல்யாவை "அக்கா" என்று கூப்பிட்டது அவள் ஒருத்திதான். ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தால் கல்லூரியில் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தாள். கொஞ்ச காலமாக அவளிடமிருந்து போன் வரவில்லை. கௌசல்யாவும் அதைக் கவனித்தாள், கல்யாணம் ஏதும் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

பழைய மிஷினை நிறுத்தியாயிற்று. விலைக்கு எடுத்த வியாபாரியின் லாரி சென்டர் முற்றத்தில் வந்து நின்ற அன்று காலையில்தான் போன் வந்தது.

"சென்டர்லேருந்து."

"அக்கா, நான் ரெம்யா. உள்ள போகவே முடியல்ல. பாஸ்வேர்டு மாத்தினியளா?"

"மிஷினையே மாத்தியாச்சு மக்களே. ஒனக்கு ஆரும் சொல்லல்லியா?"

"இல்லியே அக்கா. அம்மைக்கு ஆப்பரேசன், நான் மெடிக்கல் காலேஜ்ல கெடையா கெடந்தேன். எனக்க கணக்கு எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு."

"வேற எடத்துல எடுத்து வைக்கல்லியா?"

"அம்மாடி பெரிசு அக்கா அது. எங்க காலேஜ்ல இருக்கப்பட்ட கம்ப்யூட்டர்ல அது கொள்ளாது. மூணு வருசத்துக்க வேலையாக்கும்." பிறகு ரெம்யா கேட்டாள்: "அங்க ஆராவது எடுத்து வச்சிருப்பாவ, இல்லியா அக்கா?"

"நீ போனுப் பக்கத்துலயே இரி" என்று சொல்லி வைத்துவிட்டுக் கௌசல்யா மாடிக்கு ஓடினாள்.

ஸ்ரீகண்டன் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "லிங்கம் எடுத்தில்லே?" என்றார். அவரையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தால், குற்றாலலிங்கம், "நீங்க எடுக்கலியா?" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷச் சாயாவில் முதல்முறையாக அந்தக் கேள்வி வந்திருந்தது, வர வேண்டிய நேரம் போன பிறகு.

ரெம்யாவின் கணக்கு இருந்த டிஸ்க் பீரோ முற்றத்தில்தான் இருந்தது. சாய்வாகப் போட்ட பலகையில் பாதி தூரம் ஏறிவிட்டிருந்தது. நீலச் சட்டை போட்ட சுமட்டுத் தொழிலாளிகள் கீழே தோள் கொடுத்தும் மேலே கயிறு பிடித்தும் நின்றார்கள். அவர்களுக்கு மேஸ்திரி தங்கப்பன். தலையில் சிவப்புத் தோர்த்துத் துண்டு, வாயில் வெற்றிலை. லாரி அன்று சாயங்காலமே வெளியூர் போய், பீரோவைப் பிரித்து உதிரி உதிரியாக விற்றுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"தங்கப்பன், ஒரு நிமிஷம் நிர்த்தூ" என்றார் ஸ்ரீகண்டன்.

தங்கப்பன் கையை உயர்த்தினான். பீரோ பலகையில் அப்படியே நின்றது. "என்னா சாரே?"

"அது கொண்டு போகண்டா. கொஞ்சம் பிரச்சினை உண்டு."

"அப்ப இறக்கட்டே?"

ஸ்ரீகண்டன் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். "லிங்கம் பறயட்டே. மிஷின் அவருடைய டிபார்ட்மென்ட்."

குற்றாலலிங்கம் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் ஸ்டோர்ஸ்ல ஒப்படைச்சாச்சு தங்கப்பா. இனிமே அது எங்க சாமான் இல்ல. கணக்கு திட்டத்து ஆளோடது, சார்தான் சொல்லணும்."

"எனிக்குச் சொல்லானுள்ள அதிகாரம் இல்லல்லோ" என்றார் ஸ்ரீகண்டன். "ஸ்டோர்ஸ்ல சோதிக்கணும்." கேட்க வேண்டிய ஸ்டோர்ஸ் அதிகாரி அன்று கோட்டயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

தங்கப்பன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். அவன் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்றிய சாமானைத் திரும்ப இறக்குவதென்றால், இறக்கச் சொன்ன ஆள் தன் பெயரைச் சொல்ல வேண்டும். முன்னொரு தடவை சாலைக் கடைத்தெருவில் எவனோ இறக்கச் சொல்லி, பிறகு சொல்லவில்லை என்று சாதித்து, பழி முழுக்கத் தொழிலாளிகள் தலையில் விழுந்ததிலிருந்து வந்த வழக்கம். யார் வந்தாலும் அதை விடமாட்டார்கள்.

"சாரே, இது ஊஞ்ஞால் அல்ல, இங்ஙனே பாதியில் நிர்த்தி ஆட்டான்" என்றான். "ஒண்ணுகில் ஏற்றணும், அல்லெங்கில் இறக்கணும். இறக்கணும்னா ஒரு பேரு வேணும். நாளைக்கு யூனியன் ஆபீஸ்ல, ஆரு பறஞ்ஞுன்னு கேட்டா நான் என்ன பறயும்? ரெண்டு சார்மார் நிண்ணு மாறி மாறிச் சிரிச்சுன்னா?"

கயிறு பிடித்தவர்களில் ஒருவன் உண்மையிலேயே சிரித்துவிட்டான். வியாபாரியின் ஆள் லாரியின் கதவைத் தட்டி, "நேரமாகுது" என்றான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பலகைக்குக் கீழே தோள் கொடுத்து நின்றவனின் கழுத்து நரம்பு புடைத்திருப்பதைக் கௌசல்யா பார்த்தாள். இரண்டு சாரும் வாயைத் திறந்து திறந்து மூடுவதையும் பார்த்தாள். கெட்ட மனுஷர்கள் இல்லை. சொல்ல உரிமை இல்லாத இடத்தில் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டு பேரும் நினைக்கிறார்கள். அவர்கள் மாறி மாறி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தால், நடுவில் லாரி போய்விடும்.

அவளுக்கும்தான் உரிமை இல்லை. அவர்களுக்கு இருப்பதில் கால்வாசி கூட இல்லை. வருஷக் கடைசியில் வேலை நீட்டிக்காவிட்டால் ஏன் என்று கேட்க முடியாத ஆள் அவள். ஆனால் ரெம்யாவைப் போனுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னது அவள்தான்.

"இறக்குங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். தங்கப்பனுக்குக் கேட்டுவிட்டது. "சேச்சி பறயுந்நோ?"

"ஆமா. நான்தான் சொல்லுதேன்."

"பேரு?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சென்டரில் பாதிப் பேருக்கு அவளை யூசர் டெஸ்க் என்றுதான் தெரியும்.

"கௌசல்யா."

"இனிஷியல்?"

"டி. டி. கௌசல்யா."

தங்கப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஆட்களைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "கேட்டல்லோ? டி. கௌசல்யா சேச்சி பறஞ்ஞு. இறக்கு, பையே, பையே."

பீரோ பலகையில் இறங்கி வந்தது. அது தரையைத் தொட்டதும் குற்றாலலிங்கம் முதல் ஆளாகப் போய் அதன்மேல் கைவைத்தார். "போர்டிகோவுக்குள்ள வைங்கப்பா, மழை வருது" என்றார். ஸ்ரீகண்டன் வியாபாரியின் ஆளைத் தனியே அழைத்துப்போய், பீரோவைச் சில நாளில் தாமே அனுப்பி வைப்பதாகப் பேசி முடித்தார். யாராவது ஒருவர் முதலில் காலெடுத்து வைப்பதற்குத்தான் காத்திருந்த மாதிரி இரண்டு பேரும் ஓடியாடினார்கள். இத்தனை சுறுசுறுப்பு இவர்களிடம் எங்கே இருந்தது என்று கௌசல்யா நினைத்தாள். பிறகு உள்ளே போய், காத்திருந்த ரெம்யாவுக்குப் போன் போட்டாள்.

டிஸ்கைத் திரும்ப ஓடவைப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. குற்றாலலிங்கம் தன் ஆட்களை வைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினார். பெரும்பகுதி கிடைத்தது. கடைசியாக ஓட்டிய கணக்குகள் கிடைக்கவில்லை. அவற்றைப் புது மிஷினில் திரும்ப ஓட்டிக்கொள்ள ஸ்ரீகண்டன் தன் திட்டத்துக்கான நேரத்தை விட்டுக்கொடுத்தார். ரெம்யா பஸ் ஏறி வந்து, டேப்புகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு போனாள். போகும்போது கௌசல்யாவிடம், "அக்கா, நிங்கட பேரு எனக்கு இப்பம்தான் தெரியும்" என்றாள்.

ஸ்டோர்ஸிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. சென்டர் விற்றுவிட்ட பொருளை இறக்கச் சொல்ல யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டிருந்தார்கள். யாரும் கொடுக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தாள். அன்று ராத்திரி தாணுவிடம் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"வேலை போயிருமா?"

"போனாலும் போவும்."

"போட்டும். கடையில ஆணி எண்ணலாம்" என்றான். பிறகு, "இனிஷியலும் சொன்னியாக்கும்?" என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான். டி என்பது அவன் பெயர், இங்கிலீஷில் முதலெழுத்து.

வேலை போகவில்லை. அந்த வருஷம் நீட்டிப்புத் தாள் வரத் தாமதமானது. அவ்வளவுதான். ஸ்ரீகண்டனும் குற்றாலலிங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மேலே ஒரு குறிப்பு அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டாள். அவர்களாக அதை அவளிடம் சொல்லவில்லை.

குற்றாலலிங்கம் ஒருநாள், "ஏந்தாயி, அப்பமே கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

"கேட்டேன் சார். ரெண்டு பேருட்டயும் கேட்டேன். தனித்தனியாக் கேட்டேன்."

அவர் மஃப்ளரை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டார். அவளும் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தன் பக்கத்துப் பிழை எது என்று யோசித்து யோசித்து அவள் கண்டுகொண்டது அதுதான். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நிறுத்திக் கேட்டிருந்தால் இரண்டு பதிலும் அப்போதே மோதியிருக்கும்.

அதன் பிறகு அவள் மாடி ஏறி இறங்குவதை விட்டுவிட்டாள். எந்தப் பக்கம் என்று தெரியாத குறை வந்தால், இரண்டு பேரையும் தன் மேஜைக்கு வரச் சொல்வாள். கூப்பிட்டவர் போனில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "இத ஆரு எடுக்கிய? பேரு சொல்லுங்க" என்பாள். பெயர் வருகிறவரை போனை வைக்கமாட்டாள். முதலில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். கேன்டீனில் "யூனியன் வந்நு, யூனியன் வந்நு" என்று கிண்டல் செய்தார்கள். புதிதாக வந்த பையன்கள் அவளுக்குத் தங்கப்பன் சேச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தங்கப்பனுக்கு அது எப்படியோ எட்டி, அடுத்த முறை சாமான் ஏற்ற வந்தபோது, "சேச்சி, எனிக்கு எப்போழாணு கம்ப்யூட்டர் உத்தியோகம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. அந்தப் புது மிஷினும் பழையதாகி, அதற்கடுத்தது வந்துவிட்டது. அந்த மாற்றத்துக்கு முன்னால் போட்ட கூட்டத்தில் கௌசல்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். விருந்தாளிகளின் கணக்கை நகலெடுப்பது குற்றாலலிங்கத்தின் ஆட்கள், அவர்களுக்குச் சொல்லி அனுப்புவது ஸ்ரீகண்டனின் ஆட்கள் என்று அங்கேயே பெயரோடு முடிவாயிற்று. ஒருவருடைய கணக்கும் போகவில்லை. மற்றக் கூட்டங்களில் அவள் இன்னும் ஓரத்தில்தான் உட்கார்கிறாள், வாய் திறப்பதில்லை. ரெம்யா மார்த்தாண்டத்தில் கல்லூரி ஆசிரியை. தன் மாணவர்களை இங்கே அனுப்புகிறாள். தங்கப்பன் முழங்கால் வலியால் சுமையை விட்டு யூனியன் ஆபீசில் இருக்கிறான். கௌசல்யாவின் வேலை இன்றும் வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். அறையும் அதே அறைதான். போன் அடித்தால் எடுத்து, "கௌசல்யா பேசுதேன்" என்கிறாள்.